மல்லி விதைத்த கை

மகனுக்கு, நானும் உன் அம்மாவும் சுகம். கடையும் சுகம். சுகமில்லாதது போன கப்பலில் நீ அனுப்பிய கடிதம் மட்டும்தான். அதை முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். எப்படிப் படித்தாலும் அதில் ஏதோ இடறியது. கரிசல் காட்டு விதைப்பைப் பார்த்து எழுத உன்னை அனுப்பினேன். நீ பெண் பார்த்து எழுதியிருக்கிறாய். அதுவும் தை மாதமே கல்யாணம் என்கிறாய். என்ன அவசரம், யாருக்கு அவசரம் என்று நான் கேட்டால், அப்பாவுக்கு எதிலும் சந்தேகம் என்பாய். ஆமாம், எனக்குச் சந்தேகம்தான். அது இல்லாமல் மார்க்கெட் தெருவில் இத்தனை வருஷம் மளிகைச் சரக்கு விற்றிருக்க முடியாது.

நம் பிழைப்பு எதில் நிற்கிறது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். பினாங்கில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. இந்த மார்கழியிலும் நான் விசிறியோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தக் கரிசல் மண்ணுக்குள் எது போகிறதோ, அதுதான் பனியில் விளைந்து, பங்குனி வாக்கில் கப்பலிலிருந்து நம் சரக்குக் கிட்டங்கிக்கு இறங்குகிறது. அங்கே கொத்தமல்லி குறைந்தால் இங்கே விலை ஏறும், கூடினால் இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளத் தரகர்களின் கடிதங்களை நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. மல்லி இந்த ஆண்டு அபூர்வம், உடனே சொல்லி வைக்கவும் என்று எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை மல்லியாகவே இருக்கும். அதனால்தான் மூட்டையில் குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்பது மாதிரி, காட்டையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உன்னைக் கப்பலேற்றினேன்.

முதல் இரண்டு கடிதங்களும் நன்றாகத்தான் இருந்தன. சம்சாரிகள் எதைப் பார்த்து விதைக்கிறார்கள் என்று விவரமாக எழுதியிருந்தாய். உன் அம்மா பினாங்கில் பிறந்தவள் இல்லையா, சம்சாரி என்றால் அந்தப் பக்கம் விவசாயி என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. போன வருஷ விலையைப் பார்க்கிறார்கள், பக்கத்துக் காட்டுக்காரன் என்ன விதைப்பெட்டி தூக்குகிறான் என்று பார்க்கிறார்கள், மாட்டுக்குத் தட்டை வேண்டும் என்று ஓரத்தில் கொஞ்சம் சோளம் போடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே வானத்தைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இந்த ஆண்டு ஒருவரும் மல்லியைத் தொடவில்லை, எங்கு பார்த்தாலும் பருத்தியும் கொண்டைக்கடலையும்தான் என்றும் எழுதியிருந்தாய். படித்து எனக்குப் பெருமையாக இருந்தது.

நானும் உன் வயதில் என் சித்தப்பாவோடு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு சம்சாரியிடம், என்ன விதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பருத்தி என்றார். திரும்பி வரும்போது பார்த்தால் கடலை விதைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று நான் காட்டுக்குள் இறங்கிச் சண்டைக்கே போய்விட்டேன். அவர் ஏரை நிறுத்தாமல், "பருத்திக்கு வேண்டிய மழை பிந்திருச்சு தம்பி. இனி பனியில வெளையுறதத்தான் போடணும். நான் என்ன, வானத்துக்கிட்ட கையெழுத்தா வாங்கி வச்சிருக்கேன்?" என்றார். சித்தப்பா சிரித்து வயிறு வலித்துப்போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சம்சாரி சொன்னது நியாயம்தான் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஊர் திரும்பும் வரை அவர் பெட்டிக்குள் வேறு என்ன விதை இருந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டே வந்தேன். உன் அப்பனின் புத்தி அப்படி அமைந்துவிட்டது.

இப்போது உன் மூன்றாவது கடிதத்துக்கு வருகிறேன். நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரர் வேலுச்சாமி அந்த ஊரில் நிறையக் காடு உள்ளவர் என்கிறாய். சரி. அவர் மகள் பொன்னுத்தாய்க்குக் கைராசி உண்டு, அவள் முதல் பிடி விதையைப் போட்டால் விளைச்சல் தப்பாது என்று சுற்று வட்டாரமே வந்து அழைத்துப் போகுமாம். அவள் தன் வீட்டுக் காட்டில் எந்த விதையைப் போடுகிறாளோ, அதையே ஊரும் போடுமாம். அதுவும் சரி. ஆனால் அதற்கு அடுத்த பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய், இந்த ஆண்டு விதைப்பு நாளில் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, வேலுச்சாமியே முதல் பிடி போட்டார் என்று. ஏன் வரவில்லை என்று நீ கேட்டாயா? கேட்டதாக எழுதவில்லை. அப்புறம் அவர் உன்னிடம் சொன்னதாக நீ எழுதியிருக்கும் அந்த வாக்கியம். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி, எம்மகளக் கடல் தாண்டிக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க." எந்தத் தகப்பன் இப்படிச் சொல்வான்? கைராசிக்காரப் பெண்ணை வீட்டோடு மாப்பிள்ளை பார்த்து ஊரிலேயே வைத்துக்கொள்ளத்தானே பார்ப்பார்கள்?

நான் பலவிதமாக யோசித்தேன். பினாங்கு விலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள மருமகன் வழியாக ஒரு வாசல் திறக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பெண்ணுக்கு ஏதாவது நோய் இருக்குமோ என்று நினைத்தேன். காடு எல்லாம் அடகில் இருக்குமோ என்றும் நினைத்தேன். மோர்க்குழம்பில் அப்பளத்தைத் தோய்த்துக்கொண்டே இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க பொண்ணப் பாக்குறீங்களா, மல்லி மூட்டையப் பாக்குறீங்களா? அந்தப் புள்ளைக்கும் குத்தூசி போட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவீங்களோ? சும்மா இருங்க லா" என்று தன் பினாங்குப் பேச்சில் முடித்தாள். நான் சும்மா இருக்கவில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் பால் கொண்டு வரும் மாடசாமியை உனக்கு நினைவிருக்கலாம். உயரமாக, எப்போதும் தலையில் ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருப்பார். கப்பலேறி வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆயர் ஈத்தாமில் வேறு ஒருவருடைய மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் வேலுச்சாமியின் ஊர்தான் என்று கோவிலில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு டிராம் ஏறினேன். பாசார் சந்தை ஓரம் இறங்கி, மலையடிவாரத்தில் மாட்டுக் கொட்டிலைத் தேடிக் கண்டுபிடித்தேன். மழை விட்டிருந்தது, பாதை முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்ற என்னைப் பார்த்து, பாலைச் சோதிக்க வந்த சுகாதார இலாகா ஆள் என்று நினைத்து அவர் பால் குடத்தை எடுத்து உள்ளே வைத்தார். சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பொன்னுத்தாய் என்ற பேரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அந்தப் பொண்ணா? வேண்டாம் மொதலாளி. அவ கை வச்சுத்தான் நான் இங்க வந்து அடுத்தவன் மாட்டுக்குச் சாணி அள்ளுறேன்" என்றார். எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. மறைக்காமல் சொல்கிறேன், பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் நினைத்தது சரி, ஏதோ இருக்கிறது என்ற சந்தோஷம். அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன்.

அவர் சொன்னது இதுதான். மூன்று விதைப்புக்கு முன்னால், அதற்கு முந்திய பருவத்தில் மல்லி நல்ல விலைக்குப் போயிருந்ததால், ஊரில் எல்லோருக்கும் மல்லி ஆசை பிடித்திருந்தது. ஆனாலும் பயந்துகொண்டிருந்தார்கள். வேலுச்சாமி காட்டில் பருத்தி தொடர்ந்து போட்டு மண் அலுத்துவிட்டது என்று அவர் அந்த ஆண்டு மாற்றி மல்லி போட நினைத்தார். பொன்னுத்தாய் முதல் பிடி போட்டாள். அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பயம் தெளிந்துவிட்டது. கடலைக்கு வைத்திருந்த காட்டிலும் மல்லி, பருத்திக்கு உழுத காட்டிலும் மல்லி. மாடசாமி ஒருபடி மேலே போய், மாட்டுக்குச் சோளம் போடும் ஓரத்தையும் விடாமல் மல்லியே போட்டிருக்கிறார். தன் காட்டுக்கும் அவளையே அழைத்துக் கையால் போடச் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் விளையவில்லையா?" என்றேன்.

"வெளையலன்னா பரவாயில்லையே மொதலாளி! வெளஞ்சுல்ல கெடுத்துச்சு!" என்று அவர் கத்தினார். "அப்படி ஒரு மல்லிய எங்க அப்பன் பாட்டன் பாத்திருக்க மாட்டாங்க. களத்துல எடமில்ல. கேக்க நாதியில்ல. தரகன் வந்து காலால தள்ளிப் பாத்து ஒரு வெல சொன்னான், வண்டிக் கூலிக்குப் பத்தாது. மாட்டுக்குத் தட்டையும் இல்ல. மாட்ட வித்தேன், அப்புறம் ஏர எதுக்கு வச்சிருக்கணும்னு அதையும் வித்தேன். ஊரே அவளத்தான் சொல்லுச்சு. கைராசி இல்ல, கைவெனைன்னு சொல்லுச்சு. நானும்தான் சொன்னேன், அவ வாசல்லயே போயி நின்னு சொன்னேன்."

அப்போது மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். "அவ என்ன செஞ்சா பாவம்? வெளையணும்னு கூப்பிட்டீங்க, வெளைய வச்சா. விக்கிறதுக்குமா அவ கைராசி? இவரு திட்டிட்டு வந்த அன்னைக்கு நான் பின்னாலயே போயிப் பாத்தேன் ஐயா. அந்தப் புள்ள ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுத்தி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. அதுக்கப்புறம் அது வெதையத் தொடவே இல்ல. கோலம் போடக்கூட வாசலுக்கு வரல" என்றாள்.

அந்த மல்லியை யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, வியாபாரியின் வாய் அப்படிக் கேட்டுவிட்டது. "எல்லாம் பினாங்குக்குப் போகுதுன்னு தரகன் சொன்னான். இங்க எந்த மகராசன் வாங்கினானோ" என்றார் மாடசாமி.

உனக்கு நினைவிருக்கிறதா? கிட்டங்கியில் உத்தரம் வரை மல்லி மூட்டை அடுக்கிய வருஷம். தெரு முனை வரை மணந்தது. சூலியா தெருவிலிருந்து வந்த வியாபாரிகள்கூட, எங்கிருந்து பிடித்தீர்கள் இந்தச் சரக்கை என்று கேட்டார்கள். ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு நான் உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், சம்சாரிகளுக்குப் புத்தி கெட்டுவிட்டது, எல்லோரும் ஒன்றையே விதைத்திருக்கிறார்கள், நமக்கு நல்ல காலம் என்று. நான் யாரையும் ஏமாற்றவில்லை. தரகர் சொன்ன விலையைக் கொடுத்தேன், சந்தையில் எல்லோரும் வாங்கிய விலைதான். ஆனால் மாடியறைக்குப் பலகை அடித்து, சன்னல் வைத்துக் கட்டியது அந்த வருஷம்தான். நீ கல்யாணம் முடித்து வந்தால் இருக்கப்போவது அந்த அறையில்தான்.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். என் வாழ்நாளில் எந்தச் சரக்கை என்ன விலைக்கு வாங்கினேன் என்று வெளி ஆளிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். "அந்த மல்லிய வாங்கினது நான்தான் மாடசாமி" என்றேன். தவிடு கலந்துகொண்டிருந்த அவர் மனைவியின் கை அப்படியே நின்றது. அவர் என்னை அடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப எம்மல்லியும் ஒங்க கிட்டங்கியிலதான் கெடந்துச்சா? எப்படி இருந்துச்சு மொதலாளி? நல்லா இருந்துச்சா?"

"நான் பார்த்த மல்லியிலேயே அதுதான் நல்ல மல்லி" என்றேன்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? நல்ல மல்லியாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள், "நான்தான் சொன்னேனே" என்று ஒரு தம்ளர் பாலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தேன். டிராமில் திரும்பும்போது, அந்தப் பெண் முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி என்னை விட்டுப் போகவில்லை. விலை ஏறியதற்கும் அவள் காரணமில்லை, இறங்கியதற்கும் காரணமில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தேவை என்று கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் அவர்கள் ஒரு பெண்ணின் கையை நம்பினார்கள், பிறகு அதே கையைத் திட்டினார்கள். வேலுச்சாமி எதற்கு மகளைக் கடல் தாண்டி அனுப்பத் துடிக்கிறார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஒரு மனிதரைப் பற்றி நான் நினைத்த அத்தனையும் தப்பு என்று தெரிவது இந்த வயதில் சுலபமாக இல்லை.

என் சந்தேக புத்தி இதோடு ஒழிந்தது என்று நினைத்துவிடாதே. உனக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று எனக்குச் சந்தேகம். தெரிந்தால் நான் தடுப்பேன் என்று பயந்து எழுதாமல் விட்டிருக்கிறாய் என்றும் சந்தேகம். அது சரியாக இருந்தால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், நான் இருக்கிற இருப்பில் நீ வேறு என்ன செய்வாய்? ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். வியாபாரத்தில் சந்தேகம் வேண்டும், விலை சொல்கிறவனிடம் வேண்டும், மழை வரும் என்று அடித்துச் சொல்கிறவனிடம் வேண்டும். அதையே வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து உன் அம்மாவை நான் எத்தனை படுத்தியிருக்கிறேன் என்று அவளிடமே கேள், ஒரு நாள் முழுக்கச் சொல்வாள். உன் மனைவி தயங்கி நிற்கும்போது, எதை மறைக்கிறாள் என்று கேட்காதே. எது அவளைப் பயமுறுத்தியது என்று கேள். நான் இதைக் கற்றுக்கொள்ள ஆயர் ஈத்தாம் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

தை மாதமே கல்யாணம் நடக்கட்டும். நானும் உன் அம்மாவும் அடுத்த கப்பலுக்கு வருகிறோம். அவள் இப்போதே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டாள். வந்ததும் நான் முதலில் வேலுச்சாமியின் கையைப் பிடித்துப் பேச வேண்டும். இன்னொன்று. இந்த ஆண்டு ஊரில் ஒருவரும் மல்லி தொடவில்லை என்று நீ எழுதியதைப் படித்த உடனே, இருப்பில் உள்ள மல்லியை விற்காமல் நிறுத்தி வை, பங்குனியில் விலை ஏறும் என்று என் மனது கணக்குப் போட ஆரம்பித்தது. அது போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதனால், இனி அந்த ஊரில் யார் என்ன விதைத்தார்கள் என்று எனக்கு எழுதாதே. சம்பந்தி வீட்டுக் காட்டை நான் வியாபாரியாக எட்டிப் பார்க்கக் கூடாது.

ஒவ்வொரு வருஷத்துச் சரக்கிலும் ஒரு பிடி எடுத்து மாதிரிக்காகத் தகர டப்பாவில் போட்டு வைப்பேன் இல்லையா, அந்த வருஷத்து மல்லி இன்னும் அலமாரியில் இருக்கிறது. நேற்றுத் திறந்து பார்த்தேன், மணம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, புழு வைக்கவில்லை. பின்கட்டில் மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி மண் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொன்னுத்தாய் இந்த வீட்டுக்கு வந்து அலுப்பெல்லாம் தீர்ந்த பிறகு, அவளுக்கே மனம் வரும் ஒரு நாளில், அந்த மல்லியை இரண்டிரண்டாகத் தேய்த்து உடைத்து அவள் கையாலேயே போடட்டும். அவசரமில்லை, அடுத்த வருஷமானாலும் காத்திருப்பேன். முளைத்தால் உன் அம்மா ரசத்தில் கிள்ளிப் போடுவாள். முளைக்காவிட்டால் விதை பழசு, பினாங்கு மழை பொல்லாதது என்று மார்க்கெட் தெரு முழுக்க நானே சொல்லிக்கொண்டு போவேன்.

அவளை நினைத்துக்கொண்டே மாடியறைச் சன்னலைத் துடைத்து வைத்திருக்கும்
உன் அப்பா